ஹாலோவீன் வேட்டையின் பன்னிரண்டாம் எண்

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு வேகத்தடைகளையும் தண்ணீர் லாரிகள் நிற்கும் ஒரு மைதானத்தையும் தாண்டிப் போனால் வரும் சில்வர் மேப்பிள் அடுக்ககத்தில், மேப்பிள் மரத்தை யாரும் கண்டதில்லை. ஆனால் ஓர் அக்டோபர் மாதச் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, உள்ளே ஆள் யாருமில்லாத ஒரு வெள்ளைப் பெட்ஷீட் குழந்தைகளின் வரிசையில் வந்து நின்று, தன் எண்ணைக் கூப்பிட்டதும் கை தூக்கியதை அங்கிருந்த எல்லாரும் கண்டார்கள், கண்டுவிட்டு டீ ஆறிவிடும் என்று வீட்டுக்குப் போனார்கள்.

அந்த எண்ணைக் கூப்பிட்டவள் ஜெபக்கனி டீச்சர். தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினாறு வருஷம் தேர்வுப் பொறுப்பாளராக இருந்தவள். எந்தப் பெஞ்சில் எந்தப் பிள்ளையை உட்கார வைத்தால் காப்பியடிக்க முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். கணவர் பொன்சிங்குக்குச் சென்னைக்கு மாற்றல் வந்ததால் வேலையை விட்டுவிட்டு ஐந்து மாதத்துக்கு முன்பு ஏ பிளாக்கின் மூன்றாம் மாடிக்கு வந்தாள். கூடவே ஒன்பது வயது மகள் கெசியாவும், இன்னும் பிரிக்காத நாலு அட்டைப்பெட்டிகளும்.

அட்டைப்பெட்டிகளைப் போலத்தான் கெசியாவும் பிரிக்கப்படாமல் இருந்தாள். முதல் நாள் கீழே விளையாடப் போனவள் ஏதோ சொல்ல, அந்தத் தூத்துக்குடிப் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். தினமும் ஐந்து மணிக்குக் கீழே போவாள், சறுக்குமரத்தின் அடியில் உட்கார்ந்து மற்றவர்கள் சறுக்குவதை எண்ணுவாள், ஆறு மணிக்கு மேலே வந்து, "இன்னைக்கு எழுபத்திரண்டு" என்று அம்மாவிடம் சொல்லுவாள். பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஜெபக்கனிக்கு எழுபத்து மூன்று என்று தெரியும். சொல்ல மாட்டாள்.

ஆகவே, அடுக்ககத்தின் கலாசாரக் குழுத் தலைவி பிரவல்லிகா வாட்ஸப் குழுவில், ஹாலோவீன் அன்று குழந்தைகளுக்கு ஒரு பொருள் தேடும் வேட்டை வைக்கப்போகிறோம், பட்டியலும் துப்புகளும் தயாரிக்க யார் முன்வருவீர்கள் என்று கேட்டபோது, நூற்றுப்பத்துப் பேர் கைதட்டும் படத்தைப் போட்டார்கள், ஜெபக்கனி ஒருத்திதான் பெயரைப் போட்டாள். ஹாலோவீன் என்றால் என்னவென்று பெயரைப் போட்ட பிறகுதான் பொன்சிங்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"நம்மூர்ல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்துவோம்லா, அதுக்கு ரெண்டு நாள் முந்திதான் இது. வெளிநாட்டுல பிள்ளைகள்லாம் பேய் வேஷம் போட்டுக்கிட்டு மிட்டாய் கேக்குமாம்" என்றார் அவர்.

"பேய் வேஷம் போட்டாத்தான் மிட்டாய் கொடுப்பாவளாக்கும்" என்று ஜெபக்கனி ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

ஒன்பது நாள் திட்டம் போட்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று அறிய, வளாகம் முழுவதும் முட்டிபோட்டு நடந்தாள். காவலாளி இரண்டு தடவை ஓடிவந்து, என்ன மேடம் தொலைச்சுட்டீங்க என்று கேட்டார். டிரான்ஸ்பார்மர் பக்கம் கூடாது, தண்ணீர்த் தொட்டி மூடி பக்கம் கூடாது, மொட்டைமாடி கூடவே கூடாது என்று சிவப்பு மையில் அடித்தாள். துப்புகள் பாதி படமாகவும் பாதி எழுத்தாகவும் இருந்தால்தான் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் சமமாகத் திணறும் என்று கண்டுபிடித்தாள். பட்டியலில் நாலு துளை உள்ள பட்டன் இருந்தது, புழு அரித்த இலை இருந்தது, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியும், சிவப்பு மணல் வாளியின் பின்னால் ஒளித்த பிளாஸ்டிக் சிலந்தியும், தீயணைப்பு வண்டிக்கு வழிவிடு என்ற பலகையில் எத்தனை ஆணி என்ற கேள்வியும் இருந்தன. கடைசிப் பொருளாக, காவலாளி அண்ணனிடமிருந்து ஒரு சிரிப்பு வாங்கி வரவும் என்று எழுதினாள். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அதற்கு மதிப்பெண் இருபது.

விதிகள் எட்டு. மற்ற ஏழும் எந்த வேட்டையிலும் இருக்கக்கூடியவை. முதல் விதிக்காகத்தான் அவள் பெயரைப் போட்டாள்: ஜோடியாகத்தான் தேட வேண்டும், தனியாகத் தேடுபவர் தகுதி இழப்பார்.

பாதுகாப்புக்காக என்று குழுவில் விளக்கம் கொடுத்தாள். பதிவு செய்த பிள்ளைகள் பன்னிரண்டு பேர். வீட்டுக்குக் குடிவந்த வரிசையில் எண் கொடுத்து, ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நாலும் ஒரு ஜோடி என்று அமைத்து, புகைப்படம் ஒட்டும் கட்டத்தோடு ஹால் டிக்கெட் அச்சடித்தாள். கெசியா பதினொன்று. அவளுக்கு ஜோடி பன்னிரண்டு, பி பிளாக்கில் போன மாதம் குடிவந்த ஒரு பையன். மூன்றாயிரம் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியவள், ஒரே ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளையை உட்கார வைக்க இத்தனை பாடுபட்டதில்லை.

பெரிய வேட்டைக்கு ஒரு வாரம் முன்னால் மாதிரித் தேர்வு வைத்தாள். ஒரு வீட்டில் சூனியக்காரி உடை, இன்னொரு வீட்டில் ஒன்றுமில்லை என்ற பேதம் கூடாது என்று எல்லாருக்கும் சீருடை: கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட வெள்ளைப் பெட்ஷீட். பதினொரு பெட்ஷீட்டுகள்தான் வந்தன. பி பிளாக் பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் இரண்டும் பன்னாக இருக்கின்றன என்று அவன் அம்மா செய்தி அனுப்பியிருந்தாள். ஜெபக்கனி அதைப் படித்துவிட்டு வரிசையின் கடைசியில் பார்த்தாள். மற்றவை எல்லாம் இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் நிற்க, கடைசிப் பெட்ஷீட் மட்டும் நேராக நின்றது. அந்த இரண்டு ஓட்டைகளுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்த்தன.

தேர்வு விதி ஒன்று உண்டு. வராத பிள்ளையின் எண்ணை மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வரவில்லை என்று குறிக்க வேண்டும். நோய் என்று தெரிந்தாலும் கூப்பிட வேண்டும். ஜெபக்கனி விதியை மீறியவள் அல்ல.

"பன்னிரண்டு!" என்று கூப்பிட்டாள். "பன்னிரண்டு!" என்றாள் மறுபடி. மூன்றாவது தடவை கூப்பிடும்போது, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஏகாம்பரத்தின் கொடியிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்ஷீட் கிளிப்பைத் தானே கழற்றிக்கொண்டு இறங்கி, புல்தரையைக் குறுக்கே கடந்து, கெசியாவின் பக்கத்தில் நின்று, ஓரத்து மடிப்பு ஒன்றைக் கையாகத் தூக்கியது.

ஜெபக்கனி பேனாவால் ஒரு டிக் போட்டாள்.

தேடல் முடிந்து எல்லாரும் வியர்வையோடு பெட்ஷீட்டைக் கழற்றினார்கள். பன்னிரண்டாவது, தானும் கழற்ற வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணித் தன் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கியது. உள்ளே புல்தான் தெரிந்தது. பிரவல்லிகாவின் மகள் ரித்விகா, பத்து வயது, பிள்ளைகளின் தலைவி, குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"உனக்குக் காலே இல்லையா?" என்று கேட்டாள். "அப்ப ஷூ வாங்க வேணாம். லக்கிடா நீ."

அந்த ஒரு கேள்வியோடு பிள்ளைகளின் விசாரணை முடிந்துவிட்டது. பெரியவர்களுக்குத்தான் ஒரு வாரம் ஆனது. ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எந்த வீட்டுத் துணியிலும் ஓரத்தில் மையால் அவர் குறி போட்டிருப்பார். ஏ பிளாக்குக்கு ஒரு கோடு, பி பிளாக்குக்கு ஒரு புள்ளி. அவர் பன்னிரண்டின் நாலு மூலையையும் திருப்பிப் பார்த்தார்; பன்னிரண்டு கூச்சத்தால் நெளிந்தது.

"என் குறி இல்ல சார். வெளித் துணி. ஆனா நல்ல காடா, அடிக்கடி தோய்க்காதீங்க" என்றார்.

செயலாளர் ரங்கமணி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர், அவசரக் கூட்டம் போட்டார். பன்னிரண்டு உரிமையாளரா, வாடகைதாரரா, விருந்தாளியா என்ற கேள்வி இரண்டு மணி நேரம் ஓடியது. விருந்தாளி என்றால் வாசலில் இருக்கும் செயலி மொபைல் எண் கேட்கும். வாடகைதாரர் என்றால் காவல் நிலையச் சான்று வேண்டும், அதற்குப் புகைப்படம் வேண்டும், புகைப்படத்தில் காது தெரிய வேண்டும். செல்லப்பிராணி என்று பதியலாமே என்றார் ஒருவர். அதற்குத் தடுப்பூசி அட்டை கேட்டார் ரங்கமணி. சாம்பிராணி போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு மாமி சொல்ல, அப்படியே போட்டார்கள். பன்னிரண்டு வாசனை நன்றாக இருக்கிறது என்று புகைக்குள்ளேயே நின்றுகொண்டது, பிறகு நாலு நாளைக்கு அது போன இடமெல்லாம் மணத்தது.

மூன்றாம் நாளுக்குள் அதன்மேல் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அதாவது அது அந்த அடுக்ககத்து ஆளாகிவிட்டது. ஒரு மாடி ஏற லிப்டைப் பயன்படுத்துகிறது என்றார்கள். ஈரத்தோடு சோபாவில் உட்காருகிறது என்றார்கள். முறுக்கு கொடுத்தால் வாங்கி உள்ளே போடுகிறது, தூள்கூடக் கீழே விழுவதில்லை, எங்கே போகிறதோ என்று கவலைப்பட்டவர்களே அடுத்த நாள் தட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். பி பிளாக்கில் ஒருத்தி, தன் பையனைவிட அது சீக்கிரம் எழுந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவனை எழுப்பினாள்.

ஜெபக்கனி இதெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஐந்து மணிக்குப் பால்கனியில் நின்றால், சறுக்குமரத்தின் அடியில் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணுவது தெரிந்தது; அவளுக்கு அது போதுமாக இருந்தது. கெசியா ஆறு மணிக்கு வந்து, "எழுபத்தொண்ணு. பன்னிரண்டு எழுபதுங்குது. அதுக்கு எண்ணத் தெரியல" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் இன்னொருவரைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம்.

தொந்தரவு எங்கிருந்து வந்ததென்றால், மாதிரித் தேர்வின் மதிப்பெண் பட்டியலிலிருந்து வந்தது. அதை ஒட்டியவளும் ஜெபக்கனிதான்; தேர்வு என்றால் முடிவு ஒட்டாமல் அவளால் இருக்க முடியாது. கதவுக்கு அடியில் மடிந்து நுழையக்கூடிய, காற்றில் எழும்பி ஜன்னல் விளிம்பைத் தடவக்கூடிய பன்னிரண்டும் அதன் ஜோடியும் முதலிடம். அன்றே எல்லா வீட்டிலும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று பிரவல்லிகா கூட்டத்தில் ஆரம்பித்தாள். "பன்னிரண்டு ஒரே பொண்ணுகூட இருந்தா மத்த குழந்தைங்களுக்கு அன்ஃபேர் இல்லையா? எங்க ரித்வி ரெண்டு நாளா சாப்பிடல."

"அவ நேத்து எங்க வீட்ல மூணு தோசை சாப்பிட்டா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வீட்ல சாப்பிடலன்னு சொன்னேன்."

ரங்கமணி தொண்டையைக் கனைத்தார். "விதி பதினேழு, உட்பிரிவு மூன்று. எந்த வீட்டுக்கும் சேராத எதுவும் பொதுச்சொத்து. ஜெனரேட்டர், நீச்சல்குளம், சறுக்குமரம். பன்னிரண்டுமேல எந்த வீட்டு மார்க்கும் இல்லன்னு ஏகாம்பரமே சொல்லிட்டார். ஆக, அது பொதுச்சொத்து. முறை வச்சுத்தான் பயன்படுத்தணும்."

"அது பிள்ளை சார். ஹால் டிக்கெட் வாங்கின பிள்ளை" என்றாள் ஜெபக்கனி.

"டிக்கெட்ல போட்டோ இருக்கா?"

கட்டம் காலியாகத்தான் இருந்தது. விதியால் வாழ்ந்தவளை விதியால் அடித்தார்கள். கைதூக்கி ஓட்டெடுத்தார்கள்: வேட்டை நடக்கும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து நிமிஷம் பன்னிரண்டு. எண் வரிசைப்படி. கெசியாவுக்குக் கடைசிப் பத்து நிமிஷம். பி பிளாக் பையனின் கன்னம் இன்னும் வற்றாததால், அதுவரை தனியாக இருக்கும் அவளுக்கு மட்டும் முதல் விதி தளர்த்தப்படும். இதைக் கருணையோடு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். கெசியா கலர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லம்மா. நான் தனியாவே தேடிக்கிடுதேன்" என்றாள், நிமிராமல், மிக அழகாக. இத்தனை அழகாகச் சொல்ல எத்தனை தடவை பழகியிருக்க வேண்டும் என்று ஜெபக்கனிக்குத் தோன்றியது. அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை இன்னொரு முறை கழுவினாள்.

ஹாலோவீன் அன்று மாலை நாலு மணிக்கு, தூறலில், உறைகளைக் கிழித்துக் கேள்வித்தாள் கொடுத்தாள். மணி அடித்தாள். பெட்ஷீட்டுகள் நாலா பக்கமும் சிதறின. கெசியா தனியாக நடந்தாள், ஓடவில்லை. புழு அரித்த இலைக்காக அவள் நின்ற செடியில் புழுவே வராது. அது ஜெபக்கனிக்குத் தெரியும். எந்தத் தொட்டியில் வரும் என்பதும் தெரியும், ஏனென்றால் ஒளித்த பன்னிரண்டு இடங்களும் அவள் உள்ளங்கைபோல அவளுக்குத் தெரியும். மகள் அவளைக் கடந்து போனபோது இரண்டடி தூரம்தான். இடதுபக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் அவள் விடை சொன்னதில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, காக்கா பார்ப்பதுபோல் மேலே பார்த்தாள். மேலே காக்கா ஒன்றும் இல்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரங்கமணி விசில் ஊதினார். பன்னிரண்டு கைமாறியது. நாலாவது ஜோடிக்கு வரும்போதே அதன் ஓரம் சேறாகி, சாம்பிராணி வாசனை போய், நடை தள்ளாடியது. ஐந்தாவது ஜோடியில் ரித்விகா இருந்தாள். விசில் ஊதிய பிறகும் விடவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. செக்யூரிட்டி அண்ணா சிரிச்சுருவார். பன்னிரண்டு, கிச்சுகிச்சு மூட்டு!" என்று காவலாளியின் அறைக்கு முன்னால் அதன் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள்.

கெசியா வந்து பக்கத்தில் நின்றாள். வழக்கம்போல் காத்திருந்தாள். பன்னிரண்டின் இன்னொரு மூலை அவள் பக்கமாக எட்டியது. அவள் பிடித்தாள். ரித்விகா இழுத்தாள். அவளும் இழுத்தாள். நல்ல காடாதான், ஆனாலும் ஐந்து ஜோடி இழுத்த காடா. அது பி பிளாக்கின் ஏழாம் மாடி வரைக்கும் கேட்கும்படி டர்ரென்று அக்குள்வரை கிழிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டது.

"ஏட்டி, கண்ணு தெரியலையாட்டி உனக்கு! விசில் ஊதி எம்புட்டு நேரமாச்சு! என் முறைட்டி இது! பிள்ளைய கிழிச்சுப் போட்டியே, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு!"

வளாகம் முழுவதும் திரும்பியது. அந்தக் குரல் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அது தன் மகளுடையது என்று ஜெபக்கனிக்கே ஒரு நொடி தெரியவில்லை.

"நீதாண்டி இழுத்த!"

"நீ விட்டிருந்தா நான் ஏம்ட்டி இழுக்கேன்!"

பிறகு வார்த்தைகள் தீர்ந்துவிட, இரண்டு பெட்ஷீட்டுகள் சேற்றில் உருண்டன. மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஜெபக்கனி, ஓடிப்போய்ப் பிரிக்க வேண்டும் என்று அறிந்திருந்தும், ஷூ லேஸ் கட்டுவதற்குக் குனிந்தாள். அவள் போட்டிருந்தது செருப்பு.

உருண்டது எப்போது நின்றதென்றால், பன்னிரண்டு முனகியபோது. துணி முனகினால் ஈரக் கொடியில் காற்றடிப்பதுபோல் இருக்கும். இருவரும் எழுந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு, யார் தப்பு என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே ஏகாம்பரத்திடம் போனார்கள். என்னிடம் பெட்டிதான் இருக்கிறது, ஊசி இல்லை என்றார் அவர். கத்திக்கொண்டே ஏ பிளாக் மூன்றாம் மாடிக்கு ஏறி, ஜெபக்கனியின் தையல் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, மேலிருந்து ஒருத்தியும் கீழிருந்து ஒருத்தியுமாகத் தைத்து, நடுவில் சந்திக்க முடியாமல் ஒரு பக்கம் நாலு விரல் குட்டையாகிவிட, அதற்கும் சண்டை போட்டார்கள். கீழே வேட்டை முடிந்து, ஒன்பது பொருள் கண்டுபிடித்த ஆறு வயது ஜோடி ஒன்று பரிசு வாங்கியது. மேலே தைத்துக்கொண்டிருந்த இருவரும் அதைக் கேட்கவேயில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரங்கமணி சங்கத்தின் தாளில் அச்சடித்த கடிதத்தோடு வந்தார். பின்னால் பிரவல்லிகா, முகம் சிவந்து.

"டீச்சர், எழுத்துமூலமான புகார். ஏ பிளாக் மூன்றாம் மாடியில் வசிக்கும் கெசியா என்பவர், ரித்விகா என்பவரின் இடது முழங்கைக்குக் கீழே கடித்திருக்கிறார்."

"கடிச்சாளா?" என்றாள் ஜெபக்கனி. "நல்லாவா?"

"பல் பதிஞ்சிருக்கு டீச்சர்! நாலு பல்!" என்றாள் பிரவல்லிகா. "எங்க ரித்வி மட்டும் சும்மா இருந்தா—"

"முடியப் பிடிச்சு இழுத்திருக்கா. உச்சந்தலையில ஒரு கொத்தக் காணோம்" என்றாள் ஜெபக்கனி. இதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தைப் பார்த்து ரங்கமணி கடிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார், தவறான தாளைக் கொண்டுவந்துவிட்டோமோ என்று. அவள் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நகல் கிடைக்குமா, ஊரில் இருக்கும் கெசியாவின் பாட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். இருவருக்கும் காபி கொடுத்தாள். பிரவல்லிகா கோபத்தில் சர்க்கரை வேண்டாமென்றாள், பிறகு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் காபியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. விட்டு விட்டு மூன்று தடவை, பொறுமையில்லாத அடி. ஜெபக்கனி கதவைத் திறந்தாள். கையில் பிளாஸ்திரியோடு ரித்விகா நின்றாள். அவளுக்குப் பின்னால், ஒரு பக்கம் குட்டையான பன்னிரண்டு, லிப்ட் மூடிவிடாமல் தன் மூலையால் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாவை ரித்விகா கண்டுகொள்ளவில்லை.

"ஆன்ட்டி, கெசியாவ அனுப்புங்க" என்றாள். "நேத்து சண்டை பாதியிலேயே நின்னுடுச்சு."

கெசியா செருப்புகூடப் போடாமல் அவர்களைத் தாண்டி ஓடினாள். லிப்ட் கீழே போய்ச் சேரும்வரைக்கும்கூடப் பொறுக்காமல் இரண்டாம் மாடியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் இருந்த மூன்று பெரியவர்களும் டம்ளரைக் கையில் பிடித்தபடி, அந்தச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.